“மைசெல்ஃப் கவிதா”: ஆங்கிலப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிற ஆசிரியை நான். 2018இலும் 2019இலும் வந்த பாடநூல்களை நடத்தி வந்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியான பிறகு, அடுத்த புத்தகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு ஆசிரியர்கள் கூடும் இடமெல்லாம் ஓடுகிறது. கதைகளைப் பற்றிப் பேசுகிறார்கள், படங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், கியூஆர் கோடு பற்றியும் பேசுகிறார்கள். க்ராமர் பக்கத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஆங்கில இலக்கணப் பக்கத்துக்குள் தமிழை வர விடுங்கள். எல்லாப் பாடத்துக்கும் கேட்கவில்லை. லிங்கிங் வெர்ப் (‘ஆம், இஸ், ஆர்’ போல எழுவாயை அதைப் பற்றிய தகவலோடு இணைக்கிற வினை), ரிஃப்ளெக்சிவ் ப்ரோனவுன் (‘மைசெல்ஃப்’, ‘ஹிம்செல்ஃப்’ போலச் செய்தவரையே திரும்பச் சுட்டுகிற சொல்) ஆகிய இரண்டுக்கு மட்டுமாவது.

ஏன் இந்த இரண்டு? புது வகுப்பின் முதல் நாளில் ‘இன்ட்ரொட்யூஸ் யுவர்செல்ஃப்’ என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை எழுந்து நின்று ‘மைசெல்ஃப் கவிதா’ என்று சொல்லும். பட்டப்படிப்பு முடித்து நேர்காணலுக்குப் போகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்குள் வர வேண்டிய லிங்கிங் வெர்ப் வரவில்லை. வரக் கூடாத ரிஃப்ளெக்சிவ் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘ஐ ஆம் கவிதா’ என்று திருத்திவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறோம். அடுத்த பிள்ளை ‘மைசெல்ஃப் முத்து’ என்கிறது.

அந்தப் பிள்ளை கவனக்குறைவாகச் சொல்லவில்லை. ‘நான் கவிதா’ என்பது தமிழில் முழு வாக்கியம். அதில் எதுவும் குறையவில்லை. நாம் கேட்ட ‘யுவர்செல்ஃப்’தான் ‘மைசெல்ஃப்’ ஆகத் திரும்பி வருகிறது. இந்தி பேசுகிறவர்களும் ‘மைசெல்ஃப்’ என்று தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். இந்தியில் ‘இஸ்’ மாதிரியே ‘ஹை’ இருந்தும் அப்படி வருகிறது என்றால், நாம் கேட்கிற கேள்விக்கும் அதில் பங்கு உண்டு. ‘டெல் அஸ் யுவர் நேம்’ என்று கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அம்மாவைப் பற்றி எழுதிய கட்டுரையின் முதல் வரிகள் இவை: ‘மை மதர் டெய்லர். மை மதர் நேம் செல்வி. ஷி வெரி குட். ஷி இஸ் இன் தி ஷாப் மார்னிங் டு ஈவினிங். ஷி லுக்ஸ் பியூட்டிஃபுலி.’ வழக்கமாக என்ன நடக்கும்? சிவப்பு மையில் மூன்று இடத்தில் ‘இஸ்’ நுழையும், ‘பியூட்டிஃபுலி’க்கு ஓர் அடி விழும், திருத்தியதை ஐந்து முறை எழுதி வரச் சொல்வோம். பிள்ளையும் எழுதி வரும். அடுத்த கட்டுரையில் அப்பா வருவார். ‘மை ஃபாதர் மேசன்’ என்று தொடங்கும்.

அந்தக் கட்டுரையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடையில் இருக்கிறாள் என்ற வரியில் ‘இஸ்’ சரியாக வந்திருக்கிறது, யாரும் திருத்தவில்லை. தையல்காரர், செல்வி, நல்லவள் என்ற இடங்களில் மட்டும் வரவில்லை. காரணம் பளிச்சென்று தெரிகிறது. ‘அம்மா கடையில் இருக்கிறாள்’ என்று தமிழில் ‘இரு’ உண்டு. அது ஆங்கிலத்துக்கு ‘இஸ்’ ஆகப் போகிறது. ‘அம்மா தையல்காரர்’ என்பதில் வினையே கிடையாது. அதனால் ஆங்கிலத்துக்கும் எதுவும் போகவில்லை. இதே பிள்ளை ‘மை நேம் இஸ்’ என்று பிசகில்லாமல் சொல்லும், அது எல்கேஜியிலிருந்து மனப்பாடம். மனப்பாடமான அந்த ‘இஸ்’ அம்மாவின் பெயருக்குக்கூட நகரவில்லை. மனப்பாடம் செய்ய வைத்தால் விதி தானே பிடிபட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எழுவாய்க்குப் பயனிலையாக வினை வரலாம், பெயர் வரலாம், வினா வரலாம் என்று நன்னூல் சொல்கிறது. பெயர்ப் பயனிலை என்று நம் தமிழாசிரியர்கள் நடத்துவது இதைத்தான். அந்தப் பாடம் பக்கத்து அறையில் நடக்கிறது. ஆங்கில வகுப்பில் நாம் அதைத் தொடுவதே இல்லை. ‘லிங்கிங் வெர்ப் என்பது எழுவாயை அதைப் பற்றிய தகவலுடன் இணைக்கும் வினை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரையறை, கீழே ஒரு பட்டியல், அப்புறம் கோடிட்ட இடம் பத்து. பட்டியலில் இருக்கும் ‘ஆம், இஸ், ஆர்’ எல்லாவற்றையும் பிள்ளை ஒப்பிக்கும். எந்த வாக்கியத்தில் அது வேண்டும், எதில் வேண்டாம் என்பதுதான் தெரியாது.

‘எதில் வேண்டாம்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘ஆம், இஸ், ஆர்’ என்கிற பி வெர்ப் பாடத்தை நன்றாக நடத்தி முடித்த மறு வாரமே வகுப்பில் ஒரு புதுப் பிழை கிளம்பும்: ‘ஐ ஆம் கோ டு ஸ்கூல்’, ‘ஐ ஆம் லைக் மேங்கோ’, ‘ஹி இஸ் பிளே’. ‘ஐ’ வந்தால் ‘ஆம்’ போடு என்று நாம் சொன்னதைப் பிள்ளை சொன்னபடியே செய்திருக்கிறது. ஃபார்முலா அரைகுறையாக இருந்ததுதான் தவறு.

முழுசாகச் சொல்லத் தமிழால் முடியும். தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ‘போகிறேன்’, ‘விளையாடுகிறான்’ மாதிரி ஒரு செயல் என்றால், ஆங்கிலத்துக்கும் அந்தச் செயலே வினை. வழக்கமாக நடக்கிறதைச் சொன்னால் ‘ஆம், இஸ், ஆர்’ வேண்டாம். கடைசிச் சொல் ‘டாக்டர்’, ‘நல்லவள்’, ‘என் வீடு’ என்று பெயராக இருந்தால், நடுவில் ‘ஆம், இஸ், ஆர்’ போட்டே ஆக வேண்டும். ‘இருக்கிறான், இருக்கிறது’ என்று முடிந்தாலும் போட வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரே பாடவேளையில் புரிந்துவிடுகிறது, ஏனென்றால் பாதி வேலையை அது ஏற்கெனவே வாய்மொழியாகச் செய்துகொண்டிருக்கிறது.

இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றையும் ஒளிக்காமல் அதே பக்கத்தில் தர வேண்டும். ‘எனக்குப் பசிக்கிறது’ வினையில்தான் முடிகிறது, ஆனால் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஹங்க்ரி’. தாகம், குளிர், தூக்கம் எல்லாம் இந்தக் கூட்டம். ‘எனக்கு’ என்பது ‘ஐ’ ஆகிவிடும் என்று சொல்லித் தனிக் கட்டத்தில் போடலாம். ‘எனக்குத் தங்கை இருக்கிறாள்’ என்பதில் ‘இரு’ வந்தாலும் அங்கே ‘ஹேவ்’ வர வேண்டும். ‘வந்திருக்கிறான்’ என்பதற்கு ‘ஹேஸ் கம்’. அது பின்னால் வருகிற பாடம். முக்கியமானவை இவைதான். 

இன்னொரு வழியும் இருக்கிறது, சமூக அறிவியல் புத்தகத்தில். ‘தமிழ்நாட்டின் தலைநகரம் சென்னை ஆகும்’ என்று அங்கே ‘ஆகும்’ வருகிறது. பேச்சில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை, ஆனால் எல்லாப் பிள்ளையும் படித்திருக்கிறது. ‘ஆகும்’ போட்டுப் பார், பொருந்தினால் ‘இஸ்’ வரும் என்று சொன்னதும் கண்கள் விரிவதைப் பார்த்திருக்கிறேன். ‘அவள் கலெக்டர் ஆனாள்’ என்ற வாக்கியத்தை வைத்து ‘பிகேம்’ என்ற இன்னொரு லிங்கிங் வெர்ப்பையும் அப்படியே சேர்த்து நடத்திவிடலாம். ‘ஆனாள்’ தமிழில் கண்ணுக்குத் தெரிகிற வினை என்பதால் அதைப் பிள்ளைகள் விடுவதே இல்லை.

இப்போது ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுலி’. லிங்கிங் வெர்ப் பாடத்தில் என் மனதுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், நம் புத்தகங்கள் வேகமாகக் கடந்துபோகிற இடமும் இதுதான். ‘அழகாக’ என்றால் ‘பியூட்டிஃபுலி’ என்று வினையடை நடத்தும்போது நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். ‘அழகாகப் பாடுகிறாள்’ என்பதற்கு அது சரி. ‘அழகாக இருக்கிறாள்’ என்பதிலும் தமிழில் அதே ‘அழகாக’. பிள்ளை அதே சொல்லை எடுத்துப் போட்டது. ‘ரசம் டேஸ்ட்ஸ் வெல்’, ‘ஐ ஃபீல் சேட்லி’ எல்லாம் இதே கதை. தமிழில் ஒன்றாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. எதன் மேல் பிரிகிறது என்று காட்டிவிட்டால் போதும்: ‘ஆக’வுக்குப் பின்னால் ‘இரு’ வருகிறதா, செயல் வருகிறதா? ‘இரு’ வந்தால் ‘எல்-ஒய்’ வேண்டாம்.

லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் போன்றவை ஒரு வாக்கியத்தில் செயலாகவும் இன்னொன்றில் லிங்கிங் ஆகவும் வரும் என்பது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பிள்ளைகளுக்கே குழப்பம். இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ் அவற்றை வேறு வேறு சொல்லால் சொல்கிறது. தாத்தா சாம்பாரை முகர்ந்து பார்த்தார், சாம்பார் மணக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஸ்மெல்’. பாட்டி குழம்பை ருசி பார்த்தாள். குழம்பு ருசியாக இருக்கிறது. இரண்டுக்கும் ‘டேஸ்ட்’. முத்து மேலே பார்த்தான். முத்து சோர்வாகத் தெரிகிறான். இரண்டுக்கும் ‘லுக்’. ‘பார்த்தார்’ என்று மாற்ற முடிந்தால் செயல், ‘இருக்கிறது’ என்று மாற்ற முடிந்தால் லிங்கிங். தாய்மொழி கையில் இருக்கும்போது அதை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, பிள்ளையிடம் ஆங்கில வரையறையை மட்டும் நீட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரிஃப்ளெக்சிவ் பாடத்தில் என் குறை வேறு. எல்லாக் கைடுகளிலும், எல்லாக் கரும்பலகைகளிலும் பட்டியல் ‘மைசெல்ஃப்’பில் தொடங்குகிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற வரிசையில் அது சரிதான். தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் அது தலைகீழ். ‘நான் என்னைக் கண்ணாடியில் பார்த்தேன்’ என்பதிலும் ‘அவள் என்னைப் பார்த்தாள்’ என்பதிலும் தமிழில் ஒரே ‘என்னை’தான். அதனால் பிள்ளை ‘ஐ சா மீ இன் தி மிரர்’ என்று எழுதுகிறது. தமிழ் பிரித்துக் காட்டாத இடத்தில் கொண்டுபோய்ப் பிள்ளையை நிறுத்தி, பிரித்துக் காட்டு என்கிறோம்.

படர்க்கையில் தொடங்குங்கள். அங்கே தமிழ் பிரிக்கிறது. வகுப்பில் இரண்டு பையன்களை முன்னால் அழைத்து, ஒருவனை மற்றவன் பக்கம் கை காட்டச் சொல்வேன். ‘அவன் அவனைக் காட்டினான்’ என்று வகுப்பு சொல்லும். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டச் சொல்வேன். ‘அவன் தன்னைக் காட்டினான்.’ முதலாவது ‘ஹிம்’, இரண்டாவது ‘ஹிம்செல்ஃப்’. கரும்பலகையில் வேறெதுவும் எழுத வேண்டியதில்லை. அடுத்து ஒரு பெண் பிள்ளை வந்து அதையே செய்வாள். அப்போதுதான் ‘தன்னை’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று, ஆங்கிலத்தில் ‘ஹிம்செல்ஃப்’, ‘ஹர்செல்ஃப்’ என்று இரண்டு என்பது அவர்களுக்கே தெரியவரும். பூனை தன்னை நக்கினால் ‘இட்செல்ஃப்’. இவ்வளவும் ஆன பிறகு, ‘படர்க்கைக்குச் செய்ததையே ஆங்கிலம் நமக்கும் செய்கிறது’ என்று சொல்லி ‘மைசெல்ஃப்’, ‘யுவர்செல்ஃப்’ இரண்டையும் கொடுத்தால், அது ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் நீட்சியாக இறங்குகிறது.

பேச்சுத் தமிழில் ‘தன்னை’ அவ்வளவாக வருவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அந்த வேலையைப் பேச்சில் ‘கிட்டான்’ (எழுத்தில் ‘கொண்டான்’, அதாவது ‘கொள்’) செய்கிறது: அடிச்சான், அடிச்சுக்கிட்டான், வெட்டினான், வெட்டிக்கிட்டான். இதையும் புத்தகத்துக்குள் கொண்டுவரலாம், ஆனால் இங்கே கவனம் வேண்டும். ‘கொள்’ ஆங்கிலத்தில் எப்போதும் ‘செல்ஃப்’ ஆகாது. தலை வாரிக்கொண்டாள் என்றால் ‘ஷி கோம்ப்ட் ஹர் ஹேர்’. கற்றுக்கொண்டான் என்றால் வெறும் ‘லேர்ன்ட்’. எல்லாவற்றையும் விட முக்கியமானது, ‘ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க.’ பள்ளிக்கூடத்தில் தினமும் காதில் விழுகிற வாக்கியம். பிள்ளைகள் இதை ‘தே பீட் தெம்செல்வ்ஸ்’ என்று எழுதுகிறார்கள். அப்படியானால் ஆளுக்கு ஆள் தன்னையே அடித்துக்கொண்டார்கள் என்றாகிவிடும். வர வேண்டியது ‘ஈச் அதர்’. இந்த ஒரு வாக்கியத்தை ரிஃப்ளெக்சிவ் பாடத்தின் நடுவில் வைத்தால் சிரிப்போடு விதியும் மனதில் நிற்கும்.

‘ஹிஸ்செல்ஃப்’, ‘தெர்செல்வ்ஸ்’ என்று எழுதுகிற பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மை, யுவர், அவர்’ எல்லாம் உடைமைச் சொல்லோடு ‘செல்ஃப்’ சேருகிறது என்று பார்த்து, அதே வழியில் ‘ஹிஸ்’, ‘தெர்’ என்று போயிருக்கிறது. அந்தப் பிள்ளை ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறது; ஒழுங்கில்லாமல் இருப்பது ஆங்கிலம். ஆசிரியர் கையேட்டில் இதை ஒரு வரி எழுதிவைத்தால், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற குட்டு குறையும்.

அழுத்தத்துக்கு வருகிற ‘செல்ஃப்’ இன்னொரு குழப்பம். ‘ஐ மைசெல்ஃப் குக்ட் இட்’, ‘ஐ கட் மைசெல்ஃப்’, ‘தி டோர் ஓப்பன்ட் பை இட்செல்ஃப்’ மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கி, எது ரிஃப்ளெக்சிவ், எது எம்ஃபேட்டிக் என்று கேட்கிறோம். தமிழில் அவை மூன்றும் மூன்று மாதிரி: நானே சமைத்தேன், என்னை வெட்டிக்கொண்டேன், கதவு தானாகத் திறந்தது. ‘நானே’ என்று சொல்ல முடிந்தால் எம்ஃபேட்டிக், ‘என்னை’ வந்தால் ரிஃப்ளெக்சிவ். இரண்டு பக்க விளக்கம் தேவைப்படாது. அதே மூச்சில் சுற்றுலாக் கட்டுரையின் கடைசி வரியையும் சரிசெய்யலாம்: ‘வீ என்ஜாய்ட்’ என்று மொட்டையாக நிற்பதற்கு ‘அவர்செல்வ்ஸ்’ சேர்க்க வேண்டும்.

இதற்கு வரப்போகிற மறுப்பு எனக்குத் தெரியும். ஆங்கில வகுப்பில் ஆங்கிலம்தான் பேச வேண்டும், தமிழ் வந்தால் பிள்ளை மொழிபெயர்த்தே யோசிக்கும் என்பார்கள். கதை சொல்லும்போதும் பாட்டுப் பாடும்போதும் உரையாடும்போதும் ஆங்கிலமே இருக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வீட்டில் ஆங்கிலம் கேட்காத, தெருவிலும் கேட்காத பிள்ளை தமிழில்தான் யோசிக்கிறது. நாம் அனுமதித்தாலும் யோசிக்கும், அனுமதிக்காவிட்டாலும் யோசிக்கும். அனுமதிக்காதபோது யோசனை மட்டும் நடக்கிறது, எங்கே இரண்டு மொழியும் விலகுகின்றன என்ற தகவல் அதற்குக் கிடைப்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தகவல் தேவைப்படாமல் போகலாம், அது கேட்டுக் கேட்டே பழகிவிடும். எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகமும் ஆசிரியரும் தவிர வேறு வழி இல்லை.

எல்லாப் பிள்ளைக்கும் வீட்டு மொழி தமிழ் இல்லை என்பது இன்னொரு மறுப்பு, அது நியாயமானதும்கூட. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் நிறைய. அந்த இரண்டு மொழியிலும் ‘அவள் டாக்டர்’ என்று வினையில்லாமலே சொல்லலாம், ஆகவே இதே பாடம் அவர்களுக்கும் பொருந்தும். குமரி எல்லையில் மலையாளம் பேசும் பிள்ளைக்கு ‘ஆணு’ இருக்கிறது. வேலைக்காகக் குடும்பத்தோடு வந்த இந்தி பேசும் பிள்ளைக்கு ‘ஹை’ இருக்கிறது. அவர்கள் ‘இஸ்’ஸை நம் பிள்ளைகள் அளவுக்கு விட மாட்டார்கள். ‘உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்ற ஒரு கேள்வியை அந்தப் பக்கத்தில் அச்சிட்டால் போதும், வகுப்பே பதில் சொல்லும். ரஷ்ய மொழியிலும் அரபியிலும்கூட நிகழ்காலத்தில் ‘நான் டாக்டர்’ என்றுதான் சொல்கிறார்கள் என்பதையும் ஓரத்தில் போடுங்கள். தன் மொழியில் ஏதோ குறை இருப்பதால்தான் ஆங்கிலம் வரவில்லை என்று எந்தப் பிள்ளையும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

புத்தகம் எழுதுகிற உங்களில் பலர் வகுப்பறையிலிருந்து போனவர்கள். அதனால் உரிமையோடு கேட்கிறேன். ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பி வெர்ப் வருகிற பக்கத்தில், இடது பக்கம் தமிழ் வாக்கியம், வலது பக்கம் ஆங்கில வாக்கியம் என்று ஒரு சிறு பகுதி சேருங்கள். ரிஃப்ளெக்சிவ் பட்டியலைப் படர்க்கையில் தொடங்குங்கள். கோடிட்ட இடங்களில் பாதியையாவது எடுத்துவிட்டு, ‘ஆம், இஸ், ஆர்’ வேண்டாத வாக்கியங்களையும் கலந்து கொடுங்கள். எங்கே போட வேண்டும் என்பதோடு எங்கே போடக் கூடாது என்பதையும் பிள்ளை முடிவு செய்யட்டும். அந்தப் பக்கங்களை எழுதும்போது தமிழ்ப் பாடநூல் குழுவில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெயர்ப் பயனிலையை அவர்கள் எந்த வகுப்பில் நடத்துகிறார்களோ, அதை ஒட்டியே நீங்களும் இதை வைக்க முடியுமா என்று பாருங்கள்.

பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பெயர்களை மறைத்து நகல் எடுத்து அனுப்பத் தயார். மற்ற மாவட்ட ஆசிரியர்களிடமும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிழை எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்துவிட்டு அந்தப் பாடங்களை எழுதத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
அரசு நடுநிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவர்